நாண் நிற்கும் இடம்

ஒலிம்பிக் போட்டியில் ரீகர்வ் வில் ஏந்தியவர் நிற்கும் கோட்டுக்கும் இலக்குப் பலகைக்கும் இடையே 70 மீட்டர். பலகையின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர், ஒரு சிறு கிண்ணத்தின் வாய் அளவு. நாணை இழுத்துக்கொண்டு வரும் கை தாடைக்குக் கீழே எங்கே வந்து நிற்கிறதோ, அங்கேதான் அம்பின் அடிப்பகுதியும் நிற்கிறது. கண்ணும் வில்லின் குறிக்காட்டியும் அசையாமல் இருக்க, அந்த அடிப்பகுதி மட்டும் ஒரே ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். அடியிலிருந்து வில்லின் பிடிவரை அம்பு சுமார் 70 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 70 சென்டிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் சாய்வு, 70 மீட்டரில் 10 சென்டிமீட்டராகப் பெருகும். நடுவில் பாய வேண்டிய அம்பு பத்தின் வட்டத்தை விட்டு வெளியே போய்விடும். நாண் மூக்கு நுனியையும் மோவாயையும் தொட, சுட்டுவிரல் தாடை எலும்பின் அடியில் அழுந்த, ஒவ்வொரு அம்புக்கும் கை அதே புள்ளியில் வந்து உட்கார வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அந்தப் புள்ளிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆங்கர் பாயின்ட். கப்பலை நங்கூரம் நிறுத்துவதுபோல நாணை முகத்தில் நிறுத்தும் இடம்.

இதை வில்வித்தையோடு கூடவே பிறந்த விதியாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். வில் என்று ஒன்று இருந்தால் நாண் முகத்தில் மாறாத ஓர் இடத்தில் நின்றே ஆக வேண்டும், காட்டில் வேட்டையாடியவனும் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் செய்திருப்பான் என்பது பரவலான நம்பிக்கை. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாண் நிற்கும் இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எதை, எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தகைய அம்பால் அடிக்க வேண்டும் என்பதைப் பொறுத்து அது உடம்பில் ஊர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சில இடங்களில் அதை அசையாமல் பூட்டிவைக்கும் தேவையே எழவில்லை. அங்கே மாறாத்தன்மையை மனிதர்கள் வேறொரு வழியில் பெற்றார்கள். இதற்கு நம் கைக்கெட்டும் சாட்சிகளில் வலுவானது அந்தமான் தீவுகளின் வில்.

முதலில் ஊர்ந்து வந்த கதை. ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசின் போர்களை எழுதிய புரோகோப்பியஸ், பழங்காலத்து வில்லாளிகள் நாணை மார்புவரைதான் இழுத்தார்கள், தன் காலத்து வீரர்கள் வலக்காதுவரை இழுக்கிறார்கள் என்று பெருமையாக வேறுபடுத்திச் சொல்கிறார். 1545இல் இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் எழுதிய ‘டாக்ஸோஃபிலஸ்’ நூலும் காதுவரை இழுப்பதையே வலியுறுத்துகிறது. போர்க்களத்தில் கவசத்தைத் துளைக்க வேண்டும். இழுப்பு நீண்டால் அம்புக்கு வேகம் கூடும். நம் பக்கத்திலும் அப்படித்தான். காதளவு நாண் இழுத்த வீரன் என்பது தமிழ்க் கதை மரபில் ஊறிப்போன படிமம். கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த செய்தியைப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு வைத்திருக்கிறது. அங்கே பேசப்படுவது அம்பின் வன்மை. அம்புகள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி விழுந்தன என்ற கேள்விக்கு அந்தப் புகழில் இடமில்லை. வசிஷ்டர் பெயரில் வழங்கும் தனுர்வேத நூல் ஒரு படி மேலே போய், நாண் வந்து நிற்கும் இடங்களை ஐந்தாக வகுத்துப் பெயரிடுகிறது. மயிரடி, காது, கழுத்து, தோள் முதலிய அவை உடம்பில் மேலும் கீழுமாக அமைகின்றன. ஒரே வில்லாளி வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு இடத்தில் நாணை நிறுத்தலாம் என்பதை அந்த நூலாசிரியர் இயல்பாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

காதிலிருந்து நாண் கண்ணுக்கு நேர் கீழே இறங்கியது மிக அண்மையில்தான். இங்கிலாந்தின் ஹொரேஸ் ஃபோர்டு 1849 முதல் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து தேசிய வாகையர். 1856இல் அவருடைய வில்வித்தை நூல் வெளிவந்தது. காதுவரை இழுத்தால் அம்பு கண்ணின் நேர்கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது, அம்பு முழுவதும் குறிபார்க்கும் கண்ணுக்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1857இல் செல்ட்டனம் போட்டியில் அவர் எடுத்த 1251 புள்ளிகளைப் பல பத்தாண்டுகளுக்கு யாராலும் நெருங்க முடியவில்லை. அவர் ஆடிய போட்டியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். 100 கெஜம், 80 கெஜம், 60 கெஜம் என்று தூரங்கள் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டவை. இலக்கு நகராது. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட அம்புகள். இந்தச் சூழலில்தான் ஒரு மில்லிமீட்டருக்கு விலை வந்தது. தாடையடி ஆங்கர் பிறந்த வீடு இந்த அளந்த புல்வெளி.

ஃபோர்டு தன் நூலை வெளியிட்டு இரண்டே ஆண்டுகளில், 1858 மார்ச்சில், ஆங்கிலேயர் அந்தமானில் கைதிகள் குடியேற்றத்தை நிறுவினார்கள். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தொடங்கி 1796இல் கைவிடப்பட்ட முதல் குடியேற்றத்துக்குப் பிறகு இது இரண்டாவது முயற்சி. அடுத்த ஆண்டே, 1859 மே மாதம், அபர்தீன் என்ற இடத்தில் பெரிய அந்தமானியர் என்ற பழங்குடியினர் வில்லும் அம்புமாகக் குடியேற்றத்தின் மீது பாய்ந்தார்கள். துப்பாக்கிகளும் கப்பல் பீரங்கிகளும் அவர்களை வீழ்த்தின. அதன்பின் வில் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1880களின் தொடக்கத்தில் தீவுவாசிகளைப் பற்றி விரிவான நூல் எழுதினார். மாரிஸ் விடால் போர்ட்மன் 1890களில் ஒரு வில் மரத்திலிருந்து செதுக்கப்பட்டு முழுமை பெறும்வரை கட்டம் கட்டமாகப் படம் எடுத்தார். 1906 முதல் 1908 வரை அங்கே இருந்த ராட்கிளிஃப் பிரவுன், 1922இல் வெளிவந்த தன் நூலின் பின்னிணைப்பில் தீவுகளின் தொழில்நுட்பத்தை ஒப்பிட்டு எழுதினார். மூவரும் அக்கறையோடு பார்த்தவர்கள்தான். அவர்கள் தந்த விவரங்கள் இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கு ஆதாரமே இல்லை.

அவர்கள் பதிந்த வில் வியப்பானது. பெரிய அந்தமானியரின் வில் ஒரு பாதி உள்ளே வளைந்து, மறுபாதி வெளியே திரும்பி, ‘எஸ்’ எழுத்தின் சாயலில் இருக்கும். நடுப்பிடி குறுகலாகவும் இரு பாதிகளும் துடுப்புபோல அகன்றும் இருக்கும். ரீகர்வ் வில்லின் முனைகள் இரண்டும் முன்புறம் திரும்பியிருப்பதை நாம் அறிவோம். இந்த வில்லிலோ அந்தத் திருப்பம் ஒரு பாதியில் மட்டும். ஒரே மரத்துண்டிலிருந்து, ஒட்டு எதுவும் இல்லாமல் செதுக்கப்பட்டது. தெற்கே லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கிகளின் வில்லும், தெற்கு, நடு அந்தமான் காடுகளில் வாழும் ஜாரவாக்களின் வில்லும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை எளிய வளைவு கொண்டவை. ஜாரவா என்பது பெரிய அந்தமானியர் வைத்த பெயர். அவர்கள் தங்களை அங் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வில்லுக்கு அவர்கள் சொல் ஆவ். சூய் என்ற மரத்தில் அதைச் செய்கிறார்கள். வனத்துறையினரிடமும் அந்த மரத்துக்கு வில்மரம் என்ற பெயர் உண்டு.

வில்லைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விரல். அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், ஜப்பானியர் நாணை விடுவிக்கும் விதம் வேறாக இருப்பதைக் கண்டு, 1885இல் உலகெங்கும் நாணைப் பிடித்து விடும் முறைகளை ஐந்தாக வகைப்படுத்தினார். பெருவிரலும் மடித்த சுட்டுவிரலும் அம்பின் அடியைக் கிள்ளிப் பிடிப்பது முதல் வகை. அதற்கு நடுவிரலைத் துணைசேர்ப்பது இரண்டாவது. பெருவிரல் அம்பை அழுத்த, சுட்டுவிரலும் நடுவிரலும் நாணைக் கொக்கிபோல இழுப்பது மூன்றாவது. பெருவிரலை ஒதுக்கிவிட்டு, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அம்பை வைத்து நாணை இழுப்பது மத்தியதரைக் கடல் முறை. இன்றைய ஒலிம்பிக் ரீகர்வ் வீரர்களின் முறையும் இதுதான். பெருவிரலாலேயே நாணை இழுப்பது மங்கோலிய முறை. மோர்ஸின் பட்டியலில் பெரிய அந்தமானியர் மூன்றாம் வகையில் வருகிறார்கள். லிட்டில் அந்தமான்காரர்களோ மத்தியதரைக் கடல் முறையில். நடுவே டங்கன் நீரிணை என்ற ஒரு கடல்பரப்பு மட்டும்தான். இரு கரைகளிலும் நாணைப் பிடிக்கும் கை வேறு.

இந்த வேறுபாடு நாண் நிற்கும் இடத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தாடை எலும்பின் அடியில் கை உட்கார வேண்டுமானால் பெருவிரல் வழியில் நிற்கக்கூடாது. அது மடங்கிக் கழுத்துப் பக்கம் ஒதுங்கினால்தான் சுட்டுவிரலின் மேல்விளிம்பு எலும்பில் பொருந்தும். பெருவிரலால் அம்பை அழுத்திப் பிடித்திருப்பவருக்கு அது முடியாது. அவருடைய பெருவிரல் முகத்துக்கும் நாணுக்கும் நடுவே நிற்கும். ஆகவே பெரிய அந்தமானியர் இன்றைய பொருளில் தாடையடியில் நாணை நிறுத்தியிருக்க வழியில்லை என்று விரலின் அமைப்பை வைத்தே சொல்லிவிடலாம். ஓங்கிகளின் கை அதற்கு இடம் கொடுக்கும் கை. இடம் கொடுத்தது என்பதாலேயே அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று ஆகிவிடாது. ஒரே கடலில் மீன் பிடித்து, ஒரே வகைக் காட்டில் ஒரே இனப் பன்றியை வேட்டையாடிய இரு மக்களும் நாணை ஒன்றுபோலப் பிடிக்கவில்லை. இரு முறைகளும் தலைமுறை தலைமுறையாக வயிற்றை நிரப்பியிருக்கின்றன. நாண் முகத்தில் பூட்டப்படுவதுதான் வேட்டையின் உயிர்நாடி என்றால் இரண்டில் ஒன்று எப்போதோ மறைந்திருக்க வேண்டும்.

மோர்ஸ் அந்தமானுக்குப் போனவர் அல்ல. பிறர் தந்த தகவலைக் கொண்டு எழுதியவர். அவருடைய ஐந்து வகைகளும் விரல்களைப் பற்றியவை. கை எங்கே போய் நிற்கிறது என்பது அந்த வகைப்பாட்டின் கேள்வியே அல்ல. போர்ட்மனின் படங்களிலும் இதே குறை இருக்கிறது. கேமராவுக்காக ஒருவர் திறந்தவெளியில் நின்று வில்லை வளைத்துக் காட்டும்போது நாண் எங்கே நிற்கிறதோ, அதுவே புதருக்குள் பன்றியின் மூச்சுக் கேட்கும்போதும் நின்ற இடம் என்று கொள்ள முடியாது. செய்முறையைப் படம் எடுக்கலாம், வேட்டையின் கணத்தை அன்றைய கருவி கொண்டு எடுக்க முடியாது. எனவே நாண் நின்ற இடத்தை நேரடி வருணனையில் தேடுவதைவிட, அம்பிலும் இலக்கிலும் தேடுவதுதான் பலன் தரும். கருவிகள் தங்கள் வேலையைத் தங்கள் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கின்றன.

அந்தமான் அம்புகளுக்கு இறகு கிடையாது. நீண்ட தூரம் பறக்கும் அம்புக்கு இறகு வேண்டும். வால் ஆடாமல் நேர்ப்படுத்துவது அதுதான். நியூ கினியின் நீண்ட அம்புகளுக்கும் இறகில்லை என்பதால் இதை ஓர் இனத்தின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அடர்ந்த காட்டிலும் ஆழமில்லாத பவளத்திட்டிலும் அடிக்கும் தூரம் சில மீட்டர்கள்தான். முனை கனமான நீண்ட அம்பு அந்தத் தூரத்துக்குள் அலைவதற்கு நேரமே இல்லை. இப்போது மில்லிமீட்டர் கணக்குக்குத் திரும்புவோம். 70 மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தவறவைக்கும் அதே ஒரு மில்லிமீட்டர், ஐந்து மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தவறவைக்காது. அங்கே நாண் விரற்கடை அளவு இடம் மாறினால்தான் பன்றியின் விலா தப்பும். வேட்டைக்காரன் தாடையில் தேடாத துல்லியத்தைக் காலில் தேடினான். சருகு நொறுங்காமல், காற்று தன் வாசனையைக் கொண்டுபோகாமல், இன்னும் இரண்டு அடி நெருங்குவது எந்த ஆங்கரும் தரக்கூடியதைவிட அதிகம் தரும்.

பன்றி அம்பு இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறது. பெரிய அந்தமானியர் அதை ஏலா என்று அழைத்தார்கள். அதன் இரும்புத் தலை தண்டோடு நிலையாகப் பொருத்தப்பட்டதல்ல, செருகப்பட்டது. தலையையும் தண்டையும் ஒரு கயிறு இணைக்கும். அம்பு தைத்ததும் பன்றி ஓடும். தலை உடம்பிலேயே தங்க, தண்டு கழன்று கயிற்றில் இழுபட்டுப் பின்னால் வந்து, புதரிலும் வேரிலும் சிக்கும். பன்றி நின்றுவிடும். அம்பு இதயத்தில்தான் பட வேண்டும் என்று இந்தக் கருவி கேட்கவில்லை. உடம்பில் பட்டால் போதும், மீதியைக் காடு பார்த்துக்கொள்ளும். லிட்டில் அந்தமானின் மீன் அம்புகளில் பல முனைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதும் இதே சிந்தனைதான். நடுமுனை தவறினால் பக்கத்து முனை பிடிக்கும். குறி சற்றே விலகினாலும் வேட்டை கைவிட்டுப் போகாதபடி பிழைக்கான இடத்தை அம்புக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள். போட்டி வில்லாளி பிழையை உடம்பிலிருந்து நீக்கப் பார்க்கிறார். அந்தமான் வில்லாளி பிழையைக் கருவிக்குள் தாங்கிக்கொண்டார். இரண்டும் கடும் உழைப்பைக் கேட்கும் தீர்வுகள்.

மீனுக்கு வரும்போது கணக்கு இன்னும் சுவையாகிறது. நீருக்குள் இருக்கும் மீன், ஒளி வளைவதால், உண்மையில் இருக்கும் இடத்தைவிட மேலே இருப்பதாகத் தெரியும். எனவே கண்ணுக்குத் தெரியும் மீனுக்குக் கீழே குறிவைக்க வேண்டும். இதை எல்லாரும் சொல்வார்கள். இதோடு சேரும் இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. அம்பின் அடிப்பகுதி கண்ணுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே, தாடையடியில் நிற்கிறது என்று வையுங்கள். முனையை இலக்கின் மேல் வைத்துப் பார்த்தால் கண்ணின் கோடு ஒன்று, அம்பின் கோடு வேறொன்று. அம்பு மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். ஐந்து மீட்டரில் இருக்கும் இலக்குக்கு மேலாக அது சுமார் அரை மீட்டர் உயரத்தில் பறந்துவிடும். 70 மீட்டரில் இந்தச் சாய்வு வரம். அம்பு வழியில் தாழ்ந்து இறங்குவதை அது ஈடுசெய்கிறது. சில மீட்டரில் அதுவே பெரிய தடை. குறிக்காட்டி இல்லாத வில்லால் அருகிலிருந்து அடிக்கும் இன்றைய வில்லாளிகளும்கூட மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைத்து, நாணை வாயோரத்திலோ கன்னத்திலோ நிறுத்தி, அம்பைக் கண்ணுக்கு அருகே கொண்டுவருவது இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். அலையில் முழங்கால் நனைய நின்று, குனிந்து, செங்குத்தாகக் கீழே எய்பவருக்கும், ஓடத்தின் முனையில் நின்று பக்கவாட்டில் எய்பவருக்கும், புதரின் அடியில் ஒடுங்கி எய்பவருக்கும் கழுத்தும் தோளும் ஒரே கோணத்தில் இருக்க முடியாது. அவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்ணையும் அம்பையும் இணைத்துக்கொண்டார்கள். தாடையடி ஆங்கர் இந்த வேலைக்கு உதவாது என்பது மட்டுமல்ல, இடையூறாகவும் இருந்திருக்கும்.

அப்படியானால் மாறாத ஒன்று எதுவுமே இல்லையா? இருந்தது, அது வில்லுக்கும் உடம்புக்கும் இடையிலான பழக்கத்தில் இருந்தது. சிறுவர்களுக்கு அவர்கள் கைக்கேற்ற விளையாட்டு வில் செய்து கொடுப்பது வழக்கம். பையன் வளர வளர வில்லும் வளரும். ஆண் தன் வில்லைத் தானே செதுக்குவான், தன் நாணைத் தானே முறுக்குவான், அம்புத் தலையைத் தானே கட்டுவான். நாணுக்குக் கருந்தேன்மெழுகு பூசிக் கடல் ஈரத்திலிருந்து காப்பதும் அவன் வேலை. உடைந்த கப்பல்களிலிருந்து கிடைத்த இரும்பு, குடியேற்றத்துக்கு முன்பே அம்பு முனையாகியிருந்தது. ஒவ்வொரு முனையின் எடையும் வேறுவேறாக இருந்திருக்கும், அதற்கும் கை பழகியிருக்கும். தொழிற்சாலையில் ஒரே எடையில் செய்யப்பட்ட பன்னிரண்டு அம்புகளை வைத்திருப்பவர் உடம்பைத்தான் நிலைப்படுத்த வேண்டும். தன் அம்பு ஒவ்வொன்றையும் பிறந்ததிலிருந்து அறிந்தவருக்கு மாறாத்தன்மை அந்த அறிவில்தான் இருக்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது இது. ஆயிரம் முறை எய்தவனின் கை தானாகவே ஓர் இடத்தில் போய் நின்றுதான் இருக்கும். அதைப் பதியாதது பார்வையாளரின் குறை, அதனாலேயே ஆங்கர் இல்லை என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. பழகிய கை சுற்றுவட்டாரமாக ஒரே இடத்துக்குத்தான் போகும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நான் மறுப்பது, எலும்பில் முட்டி, சில நொடிகள் நிறுத்தி, சரிபார்த்து, பிறகு விடுவிக்கும் ஒழுங்கை. அந்த நிறுத்தம்தான் ஆங்கரின் சாரம். தலையைத் திருப்பிவிட்ட பன்றியும், நிழல் கண்டு நகரும் மீனும் அந்த நொடிகளைத் தருவதில்லை. பழக்கத்தால் வரும் ஒருமையும் சட்டத்தால் வரும் ஒருமையும் ஒன்றல்ல. தாலாட்டுப் பாடும் தாய்க்குச் சுருதி தெரியும். அதற்காக அவள் தம்பூராவை மீட்டிச் சரிபார்த்தாள் என்று யாரும் சொல்வதில்லை.

வடக்கு சென்டினல் தீவை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 28 அன்று, சுனாமிக்குப் பிறகு பறந்த கடலோரக் காவல் படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் வில்லை வளைத்து நின்ற படம் உலகெங்கும் சுற்றியது. 1974இல் படமெடுக்கப் போன குழுவின் இயக்குநர் தொடையில் அம்பு தைத்தது. இவர்கள் தொலைவிலும் தப்பாமல் எய்வார்கள் என்பதற்கு இவை சான்றாகக் காட்டப்படுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெலிகாப்டரை நோக்கிய வில் ‘வராதே’ என்ற சொல். குறி பற்றிய தகவல் அதில் இல்லை. படகை நோக்கி மேலெழும்பி விழும் அம்புகள் எச்சரிக்கைகள். அவற்றில் ஒன்று தைத்தால் தைத்தது. அந்தத் தீவு மக்களைத் தவறே செய்யாத வில்லாளிகள் என்று புகழ்வதும், அம்பைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்கள் என்று இழிவுபடுத்துவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டுமே வில்லைப் பிறவிக் குணமாக்கிவிடுகின்றன. கற்று, தேய்ந்து, திருத்தி வந்த தொழிலாக அதைப் பார்க்க மறுக்கின்றன. 1981இல் அத்தீவின் பவளத்திட்டில் தரைதட்டிய பிரிம்ரோஸ் கப்பலின் இரும்பு அவர்கள் அம்புக்குப் போனது. புதிய பொருளை எடுத்துப் பழைய வேலைக்குப் பொருத்தத் தெரிந்தவர்களின் கை அது.

மூன்றாவது மறுப்பு தனுர்வேதத்திலிருந்து வரலாம். போட்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நாண் நிற்கும் இடங்களுக்குப் பெயர் இருந்தது என்றால், ஆங்கர் புல்வெளியில் பிறந்தது என்று எப்படிச் சொல்வது? இங்கே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாண் நிற்கும் இடத்தைப் பற்றிய சிந்தனை போட்டியோடு பிறந்ததல்ல, படைப்பயிற்சியோடு பிறந்தது. பலருக்கு ஒரே சமயத்தில், ஒரே முறையில் கற்பிக்க வேண்டிய இடத்தில் உடம்புக்குப் பெயரிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த நூல் ஐந்து இடங்களைச் சொல்கிறது, ஒன்றை அல்ல. ஐந்தில் நான்கைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் நியதியாக்கியது அளந்த தூரம்தான். பழங்குடியினரிடமிருந்து ஒலிம்பிக் வீரர்களைத் தேடியபோது நம் நாடு இதை மறந்தது என்று எண்ணுகிறேன். 1980களின் நடுவில் இந்திய விளையாட்டு ஆணையம் அதற்கெனத் தனித் திட்டமே தொடங்கியது. ராஜஸ்தானிலிருந்து வந்த லிம்பா ராம் 1992இல் பீஜிங்கில் 30 மீட்டர் பிரிவில் 360க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அதைக் காட்டின் கொடை என்று சொல்வது அவருடைய உழைப்பைக் குறைப்பது. மூங்கில் வில் தந்தது துணிவும் கண்ணும். தாடையும் நாணும் சந்திக்கும் புள்ளியை அவர் எல்லாரையும்போலப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

அந்தமானுக்குத் தெற்கே, சோழர் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறித்த நிக்கோபாரில், நாணை எங்கே நிறுத்துவது என்ற இதே சிக்கலுக்கு வேறொரு விடை கிடைத்தது. நிக்கோபாரியர் பறவை வேட்டைக்குக் குறுக்குவில் வைத்திருந்தார்கள். தென்கிழக்காசியாவின் பெருநிலத்தில் பரவலாக உள்ள கருவி அது. குறுக்குவில்லில் நாண் ஒரு மரத்தண்டின் பள்ளத்தில் மாட்டி நிற்கிறது. எத்தனை முறை இழுத்தாலும் அதே பள்ளம், அதே நீளம். முகத்துக்கு அங்கே வேலையில்லை. நாண் நிற்கும் இடத்தை உடம்பிலிருந்து கழற்றி மரத்தில் செதுக்கிவிட்டார்கள். தென்னை உச்சியிலோ காட்டு மரக்கிளையிலோ அசையாமல் உட்கார்ந்திருக்கும் புறாவைக் கீழிருந்து நிதானமாகக் குறிபார்க்க இது பொருத்தம். ஓடும் பன்றிக்கும் நழுவும் மீனுக்கும் இந்த ஏற்பாடு கால தாமதம். ஒரே தீவுக்கூட்டம் என்று வரைபடம் சொல்லும் இடத்தில், இலக்கு மாறியபோது நாண் நிற்கும் இடமும் கையிலிருந்து கட்டைக்கு மாறியிருக்கிறது.

பெரிய அந்தமானியரின் வில்லுக்குப் பின்னர் நேர்ந்தது சோகமானது. ஆங்கிலேயர் கொண்டுவந்த நாய்களை அவர்கள் ஆவலோடு ஏற்றார்கள். அதற்கு முன் அத்தீவுகளில் நாய் கிடையாது. நாய் பன்றியை மடக்கி நிறுத்தியபோது பதுங்கி நெருங்கும் கலையின் தேவை குறைந்தது. நோய்கள் அதைவிட வேகமாக வேலை செய்தன. 1858இல் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். 2011இல் 44 பேர். அவர்களுடைய எஸ் வடிவ வில் இன்று அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டியில், நாண் தளர்ந்து, தொங்கிக்கொண்டிருக்கிறது. வில்லின் நீளத்தையும் அகலத்தையும் அதிலிருந்து அளக்கலாம். நாணை எதுவரை இழுத்தார்கள், எந்தக் கணத்தில் விட்டார்கள் என்பதைக் கையோடு கையாகக் கற்றுத்தந்திருக்க வேண்டிய தலைமுறைகள் இல்லாமற்போயின.

ஜாரவாக்கள் 2011 கணக்கில் 380 பேர். அவர்கள் காட்டில் ஆவ் இன்னும் வளைகிறது, சூய் மரம் இன்னும் செதுக்கப்படுகிறது. ஒரு கேமராவோடு போய் நாண் நிற்கும் இடத்தைப் படமெடுத்து இந்த வாதத்தைச் சரிபார்க்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் 2012இல் வந்த அதன் திருத்தமும் அப்படி நுழைவதைத் தடுக்கின்றன. தடுப்பது சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய அந்தமானியரிடம் அளவுகோலோடு போனவர்களைத் தொடர்ந்து தட்டம்மை வந்தது, சிபிலிஸ் வந்தது. குடிலின் ஓரத்தில் தன் உயரத்துக்கேற்ற சிறு வில்லைப் பிடித்து நிற்கும் ஜாரவாப் பையனுக்கு நாணை எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்ட அவனுடைய தந்தை இருக்கிறார்.